ஏழாவது பாட்டில் ஓடும் லிஃப்ட்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் உன் இசைக்குழுவில் மற்ற மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் புது ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்களை அம்மா போனில் தேடித் தேடிப் படித்துக் காட்டினாள், நீங்கள் வாசிக்கும் போஸ்ட்-பங்க் இசை என்றால் என்னவென்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் முதல் ஆல்பத்தைத் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் இருக்கிறது என்று எழுதி உன்னை மூன்று நாள் அழ வைத்தாரே ஒருவர், அவரே இப்போது ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். "இப்பவாவது காதைக் கழுவிட்டு வந்தானே" என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் ஏழாவது பாட்டைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், அடியில் ஓடும் அந்த முனகல் எந்தக் கருவி என்றே தெரியவில்லை, கேட்டால் முதுகு சில்லிடுகிறது என்கிறார்கள், கடைசியில் வரும் தட்டல் டிரம் குச்சியா இதயத் துடிப்பா என்று சண்டை வேறு. "நாங்க யாருமே அதை வாசிக்கலப்பா, ரெக்கார்டிங்ல தானா வந்திருக்கு" என்று நீ போனில் சிரித்தாய்.

நேற்று மத்தியானம் நானும் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அம்மா கேலி செய்தாள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இந்த வாசனை தெரியும் கண்ணு. அது மேல் சக்கரத்தில் பேரிங் தேய்ந்த லிஃப்ட். காலி லிஃப்ட் இல்லை, உள்ளே ஓர் ஆள் நிற்கிற லிஃப்ட், இரண்டுக்கும் முனகல் வேறு. ஆனால் நீங்கள் ரெக்கார்டிங் செய்யும் கட்டடத்து லிஃப்ட் கரண்டே இல்லாமல் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, டிரம்மை நான்கு மாடி சுமக்கிறோம் என்று சொன்னதும் நீதான். கடைசியில் வரும் அந்தத் தட்டலும் எனக்குத் தெரிந்ததுதான். அந்த நாளில் வேலை செய்யும்போது நான் மேலே மோட்டார் அறையில் இருப்பேன், உன் சித்தப்பா லிஃப்டுக்குள் இருப்பான், ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு தட்டுவான். வந்துட்டேன், நிறுத்து என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவன் செத்த அன்றைக்குக் காலையிலேயே, நாங்கள் அப்போது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டில் இதே முனகலைக் கேட்டேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்டா" என்று சொன்னவன் நான். சாயங்காலம் அவன் தனியாக ஏறினான், கம்பிக் கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்தது. இருபது வருஷமாக அந்த வார்த்தை என்னைத் தின்கிறது.

அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். ஆல்பம் நன்றாகப் போவதால் கட்டடக்காரர் உங்களுக்காக அடுத்த மாதம் லிஃப்டைத் திறந்து விடப் போகிறாராம், அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். ஏறாதே. மற்றவர்களையும் ஏற விடாதே, டிரம்மைக்கூட ஏற்றாதே. கிழவன் உளறுகிறான் என்று சிரித்துக்கொள், ஆனால் படியில் ஏறிக்கொண்டே சிரி.

பேரும் புகழும் பெருகி நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. சின்ன வயதில் உன்னை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு திரிந்தவன் உன் சித்தப்பா. கதவு தானாகத் திறந்து, உள்ளே அவனே கை நீட்டிக்கொண்டு நின்றாலும் ஏறாதே கண்ணு. அப்பா படியில்தான் வரச் சொன்னார் என்று சொல். கோபித்துக்கொள்ள மாட்டான், அவனுக்குக் காரணம் தெரியும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா