எல்லாரும் எழுந்திருக்கும் பக்கம்

26 ஜூன் 1936, வெள்ளி

குங்குமம் இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்று சாமிக்கு, ஒன்று வாய்க்காலுக்கு. கணக்கில் தனித்தனியாக எழுதிவிட்டேன். வாய்க்காலில் கரைக்கத்தான் மனசு கூசுகிறது.

என் வீட்டுக்காரர் கொச்சியில் படகுத் தொழில் கற்றவர். ஆடி வெள்ளிகளில் அக்கரைக் காளியம்மன் கோயிலுக்குச் சனங்களை ஏற்றிப் போக, காண்ட்ராக்டர் சுந்தர்ராஜ் இவரிடம் பெரிய படகு கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால், கல்யாண முருங்கைக் கட்டையில் முழ நீளத்துக்கு ஒரு குட்டிப் படகு. ஓடுகிற வாய்க்காலில் அதை நூல் கட்டி நிறுத்துவார். எதிரே நான் குங்கும நீரைச் சொட்ட வேண்டும். சிவப்புக் கோடு பக்கத்தை ஒட்டியே போனால் நல்ல வடிவம். பின்னால் சுருண்டு நின்றால், அந்தச் சுழி படகை இழுத்துப் பிடிக்குமாம்.

30 ஜூன்

பின்பக்கத்தை மறுபடி இழைத்தார். கோடு சுருளவில்லை. "பாத்தியா, தண்ணிக்கே தெரியாமப் போகுது" என்றார். இவர் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

4 ஜூலை

ஆட்களுக்குப் பதில் கூழாங்கற்களை இரண்டு பக்கமும் சமமாக வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கல்லு வச்ச எடத்துல இருக்கும். சனம் இருக்குமா? ஆத்து வளைவு திரும்புனா வலப்பக்கம் கோயில் தெரியும். எல்லாரும் எந்திரிச்சு அங்கன வந்துல்ல கும்புடுவாக?"

"கும்புடுறதுக்கும் படகுக்கும் என்ன இருக்கு? நீ குங்குமத்த ஊத்து."

ஊற்றினேன்.

5 ஜூலை

இவர் இல்லாத நேரம் கற்களையெல்லாம் வலப்பக்கம் தள்ளினேன். படகு சாய்ந்தது. கோடு ஒட்டிப் போகவில்லை — விளிம்பில் ஏறி உள்ளே வந்தது. உள்ளே சிவப்பாகத் தேங்கி நின்றதைப் பார்க்க முடியவில்லை. தாயே.

8 ஜூலை

இவரிடம் செய்து காட்டினேன். படகை அகலமாக்க வேண்டும் என்று சொல்லக் காண்ட்ராக்டரிடம் போனார்.

"அடுப்பெரிக்கிறவுக கிட்டயா டிசைன் கேக்குறீக? பாதி கட்டுன படக அகலமாக்கிக்கிட்டு இருந்தா இந்த ஆடி போயிரும். சாமி காரியத்த சாமி பாத்துக்கிடும்" என்றாராம்.

இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். சாமி பார்த்துக்கொள்ளும் — நானும் தினமும் அதைத்தானே சொல்கிறேன்? பிறகு ஏன் அந்தக் குட்டிப் படகையே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்?

16 ஜூலை

பெரிய படகு பழைய அகலத்திலேயே முடிந்துவிட்டது. நாளை முதல் வெள்ளி. பக்கத்து வீட்டு இருளம்மாள் பிள்ளையோடு வருகிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் ஏறப் போகிறேன்.

17 ஜூலை, வெள்ளி

படகு நிறையச் சனம். சுக்கான் இவர் கையில். வளைவு திரும்பியதும் யாரோ "ஆத்தா!" என்றார்கள். அவ்வளவுதான். மொத்தப் பேரும் எழுந்து வலப்பக்கம் சாய்ந்தார்கள். தண்ணீர் உள்ளே வந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க! உக்காந்தே கும்புடுங்க!" என்று கத்தினேன்.

"ஆத்தாளப் பாத்து எந்திரிக்காம இருக்கியே, கொழுப்பாடி ஒனக்கு?" என்றாள் இருளம்மாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கால் நனைந்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கரை சேர்ந்தோம். இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அம்மன் எதிரே உட்கார்ந்தே இருந்தேன். பாவமா? தெரியலையே, தாயே.

24 ஜூலை, வெள்ளி

படகு கரையில் கிடக்கிறது. காண்ட்ராக்டர் வந்து தடுப்பதற்குள் இவர் பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டார். "இனி ஒமக்கு வேலையே இல்ல" என்று சுந்தர்ராஜ் சொல்லிப் போனார். இவர் அதற்கும் நிமிரவில்லை. அகலப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.

சனங்கள் தூரத்துப் பாலம் வழியாகச் சுற்றி நடந்துதான் போகிறார்கள். ஏச்சு வேறு. இருளம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒம் புருசனால எங்காலு ரெண்டும் போச்சுடி" என்று திட்டிக்கொண்டே போனாள்.

பொழுது சாயப் பிள்ளையோடு, திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.