நிலவுக்குப் போன என் தொப்பை

மார்ச் 3, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாம், முதல் நாள். அகில உலகமும் போற்றும் பேராசிரியப் பெருந்தகையாகிய எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு மூன்றரைக் கால். மீதி அரைக் காலுக்கு என் காலையே முட்டுக் கொடுத்து நாற்பது தாள் திருத்தினேன். பாடம், 'அடிப்படைக் கருத்துகள்'. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு நிதி, அறிவியல், மேலாண்மை மூன்றையும் ஒன்றாகக் கரைத்துப் புகட்டும் பொதுப்பாடம். பதினோரு வருடமாகப் புகட்டுகிறேன். குடித்தவர்கள் யாரும் இதுவரை எழுந்து வந்து அடித்ததில்லை.

நிதிப் பகுதியில் தேய்மானம் பற்றிக் கேட்டிருந்தார்கள். உழைக்க உழைக்க இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவது. பத்துத் தாள் தாண்டியதும் அது என்னைப் பற்றிய கேள்வி என்று தெரிந்துபோயிற்று.

மார்ச் 4, புதன்

முதுகு இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. தொட்டுப் பார்க்கத் தெம்பில்லை.

மார்ச் 5, வியாழன்

ஏழாம் கேள்வி: நிறை, எடை – உதாரணத்துடன் வேறுபடுத்துக. பத்து மதிப்பெண்.

காலையில் ஒரு தாள். "தொப்பையுள்ள ஆசிரியர் ஒருவர் நிலவுக்குப் போனால் தொப்பையின் நிறை ஆறில் ஒரு பங்காகிவிடும். அவர் திரும்பி வர மறுப்பார்." சிரித்துவிட்டேன். என் வாக்கியம், என் தொப்பை! போன வருடம் நான் அச்சிட்ட வழிகாட்டி நூல், பதினேழாம் பக்கம்.

அப்புறம்தான் மறுபடி வாசித்தேன். குறைவது எடை. நிறை குறையாது. நிலவுக்குப் போனாலும், அதற்கு அப்பால் ஆயிரம் கோடிக் காதம் போனாலும், ஒரு துளி குறையாது. பள்ளிக்கூடப் பாடம். வகுப்பில் சரியாகத்தான் சொல்லிவந்திருக்கிறேன். நூலில் சிரிப்பு வர வேண்டுமென்ற அவசரத்தில் – என்னத்தை எழுதித் தொலைத்தேன்?

விடைக்குறிப்பு தெளிவாக இருக்கிறது. நிறை குறையும் என்று எழுதினால் பூஜ்யம்.

மாலைக்குள் இருபத்து மூன்று தொப்பைகள். அத்தனையையும் நானே சிவப்பு மையால் அடித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "சார், உங்க கட்டுலயும் தொப்பை வருதா? எந்த மகராசனோ புத்தகம் போட்டிருக்கான், ஊரே நகல் எடுத்துப் படிச்சிருக்கு. மொத்தமா நிலாவுக்குக் கிளம்பிட்டாங்க!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரைவிட உரக்க.

ஏன் சிரித்தேன்?

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது.

அண்ணி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாக நீராவியில் வேகிறார். துணிக்கிடங்குப் பொறுப்பாளர் மே கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் அண்ணிக்குத்தான், நாங்கள் திருத்தும் இந்தத் தாளில் தேறினால். ஏற்கனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இப்போதும் போனால் அடுத்த தேர்வு அக்டோபரில். அதுவரை நாற்காலியைத் துடைத்துவைத்துக் காத்திருப்பார்களா?

"தம்பி, இந்த வாட்டி ஏழாவது கேள்விய ஊதித் தள்ளிட்டேன்."

"என்ன எழுதினீங்க அண்ணி?"

"உங்க தொப்பையதான்! ஒரு எழுத்து விடல."

"இவன் தொப்பையால ஒருத்தராவது உருப்பட்டா சரி" என்றார் அண்ணன்.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். இன்னொரு சொம்பு. எப்படிச் சொல்றது? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

மார்ச் 9, திங்கள்

பழியை அச்சகத்துத் தட்டச்சர் தலையில் கட்டலாம் என்று காலையில் ஒரு மகத்தான திட்டம். என் கையெழுத்துப் படியைத் தேடி எடுத்தேன். 'நிறை' என்றே இருக்கிறது, என் கையால், அடிக்கோடு வேறு.

முகாமில் மேலாண்மைப் பகுதி. யாரோ முத்து முத்தாக எழுதியிருந்தார்: "அதிகாரத்தைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது." என் நூலின் நாற்பத்தோராம் பக்கம், அப்படியே. முழு மதிப்பெண் போட்டேன். பேனாவை மூடினேன். தலைமைத் தேர்வாளரிடம் போனேன். எப்போதும் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மையார்.

"மேடம், அந்தத் தொப்பை..."

"யாரோடதுன்னுதான் நாலு நாளா தேடிட்டிருக்கேன்."

"என்னோடது."

முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையின் நடுப் பொத்தானைப் பார்த்தார். சாட்சியம் அங்கே துருத்திக்கொண்டு நின்றது.

"தப்பான விடைக்கு மார்க் கிடையாது சார். அத மட்டும் கேக்காதீங்க."

"மார்க் கேக்கல மேடம். அச்சுல இருந்தத நம்பிட்டாங்க. சீக்கிரமே இன்னொரு தேர்வு வைங்க, அக்டோபர் வரைக்கும் அவங்கள நிறுத்தி வைக்காதீங்க."

"அப்போ எழுத்துல குடுங்க. உங்க பேரு, புத்தகம், பக்கம். உங்க கல்லூரிக்கும் நகல் போகும். யோசிச்சுக்கங்க."

எழுதினேன். ஆறு வரி. என் வாழ்நாளில் மிகைப்படுத்தாமல் எழுதிய முதல் ஆறு வரி.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"விளையாட என் பரீட்சைதான் கிடைச்சுதா தம்பி?"

திட்டியிருக்கலாம்.

மார்ச் 27, வெள்ளி

தேற முப்பத்தைந்து. அண்ணி முப்பத்து மூன்று.

ஏப்ரல் 6, திங்கள்

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில். தேர்வுத் துறையிலிருந்து: அந்த உதாரணத்தால் தவறிய நூற்று எண்பத்தாறு பேருக்கு மே 9 அன்று சிறப்புத் தேர்வு. முடிவுகள் மே 25க்குள்.

கல்லூரியிலிருந்து: அடுத்த பருவம் முதல் என் மேலான சேவை தேவையில்லை. போகுமுன், கையிருப்பில் உள்ள அறுநூறு பிரதிகளிலும் பதினேழாம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டித் தர வேண்டும்.

முதல் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவதை ஒரு முறை. போதும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அறை முழுக்க நூல்கள். விரல் முழுக்கப் பசை. தலையைச் சொறிந்ததில் ஒரு சீட்டு அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

நான் கூப்பிடாமலே அண்ணி வந்தார். உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு சீட்டையும் வாசித்துவிட்டே ஒட்டினார். இருநூறு தாண்டியிருக்கும், சீட்டைப் பார்க்காமலே சொன்னார்.

"பொருள் எங்க போனாலும் நிறை மாறாது. ஈர்ப்புக்குத் தகுந்த மாதிரி எடைதான் மாறும்."

"சரியா சொல்றீங்க அண்ணி."

"அதாவது, நீங்க எங்க போனாலும் உங்க தொப்பை உங்கள விடாது."

சிரித்தார். ஒரு மாதத்தில் முதல் முறை. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் பசையைக் கிளறினேன்.

மே 9, சனி

அண்ணி எழுதிவிட்டு வந்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

ஜூன் 15, திங்கள்

வேலையற்ற பேராசிரியப் பெருந்தகைக்கு மருத்துவமனைத் துணிக்கிடங்கிலிருந்து அழைப்பு. அலமாரிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டுமாம். போனேன். அண்ணியின் இடுப்பில் சாவிக்கொத்து.

அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

"உதாரணம் எதுவும் வேணாம் தம்பி. பேரு, எண்ணிக்கை. அவ்வளவுதான்."

எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். எழுதினேன்: போர்வை – 140.

அண்ணி தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒட்டினார்.