கரிக்கட்டையின் உயில்

சாந்தா ரோசா, சோத்தா பள்ளத்தாக்கு
ஜனவரி 2

அன்பு மகன் அனிபாலுக்கு,

உன் அப்பன் செனோன் சொல்லச் சொல்ல, சுகாதார நிலையத்து மர்லேனே எழுதுகிறாள். நான் நலம். முழங்கால் மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது. ஆற்றில் தண்ணீர் தாராளமாக வருகிறது. துவரை காய்த்துக் குலுங்குகிறது. வெயிலும் வழக்கம்போல நம் பள்ளத்தாக்கிலேயே குடியிருக்கிறது.

இந்தக் கடிதம் காலை பஸ்ஸில் டிரைவர் மொய்சேஸ் கையில் தலைநகர் கீட்டோவுக்கு, உன்னிடம் வருகிறது. முதலில் இதைப் படி, பிறகு போனைத் திற. போனில் யாராவது உனக்கு ஒரு படம் அனுப்புவார்கள். அதில் உன் டிவி வேஷம், அந்தக் கரிக்கட்டை, நம் ஊர் நடுவில் எரிந்துகொண்டிருப்பான். சுற்றி நின்று நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்போம். மகனே, அது நீ இல்லை. ஊர் கூடி உன்னை எரித்தது என்று நினைத்துவிடாதே. இதைத்தான் முதல் வரியில் எழுதச் சொன்னேன். நலம் விசாரித்த பிறகுதான் சேதி என்று மர்லேனே அடம்பிடித்துவிட்டாள்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் உன்னோடு பேச முடிவதில்லை. நான் கொஞ்சம் கனமாகப் பேச ஆரம்பித்தால் நீ உடனே அவன் குரலுக்குத் தாவிவிடுகிறாய். "ஐயோ எசமான், எனக்கு ஒண்ணும் புரியலையே" என்கிறாய். நானும் சிரித்துவிடுகிறேன், பேச்சு போய்விடுகிறது. கிறிஸ்துமஸ் அன்று அப்படித்தான். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கரிக்கட்டையாக நடிக்கக் கூப்பிடுகிறார்கள், ஜனவரி நடுவில் கையெழுத்து, நீ என்ன சொல்றப்பா என்று கேட்டாய். எனக்கு வாய் எழவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நீயும் வைத்துவிட்டாய். லைன் போகவில்லை. நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் இப்போது சொல்கிறேன்.

நீ முதன்முதலாக டிவியில் வந்த சனிக்கிழமை நினைவிருக்கிறது. பழக்காரி ஓர்தென்சியா வீட்டு வாசலுக்கு டிவியைத் தூக்கி வந்து வைத்தோம். நீ என்ன பேசினாய் என்று ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவு கைதட்டல். நம் பிள்ளை, நம் பள்ளத்தாக்குப் பிள்ளை, நாடே பார்க்கிற குழந்தைகள் நிகழ்ச்சியில்! அடுத்த வாரம் கைதட்டல் குறைந்தது, நீ பேசியது கேட்டது. பணியாரம் திருடித் தின்றாய், திரைச்சீலை ஆடினால் பேய் என்று மேசைக்கு அடியில் ஒளிந்தாய், ஐந்து வரை எண்ணத் தெரியாமல் விழித்தாய், நின்றபடியே தூங்கினாய். சிரித்தோம். பொய் சொல்வானேன், நீ விழுகிற அழகுக்கு யாராலும் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே பணியாரம், அதே பேய். போகப் போக ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரித்தோம். இன்னொன்றும் எனக்குப் பிடிபடவே இல்லை. நீயே என் நிறம். அதற்கு மேல் எதற்கு இன்னொரு கறுப்பு பூசுகிறார்கள்? கடவுள் அரைகுறையாக விட்டுவிட்டாரா?

சரி, வருஷக் கடைசிக்கு வருகிறேன்.

டிசம்பர் கடைசி ராத்திரி கொளுத்துகிற பழைய வருஷப் பொம்மையாக இந்தத் தடவை யாரை எரிப்பது என்று கூட்டம் போட்டார்கள். ரமீரோதான் தலைவன். போன வருஷம் மந்திரி, அதற்கு முந்தின வருஷம் பாலம் கட்டாமல் ஓடிய காண்டிராக்டர். இந்த வருஷம் என்ன தோன்றியதோ, அனிபாலுக்கு மரியாதை செய்வோம், கரிக்கட்டையைப் பொம்மையாக்குவோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். பெருமையில் கண் தெரியவில்லை. எரிக்கிற பொம்மையில் என்னடா மரியாதை என்று கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்! உன் பழைய மஞ்சள் பனியனைக் கேட்டார்கள், பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கரும்புச் சக்கையைத் திணித்து, நாற்காலியில் உட்கார்த்தி, சாலை ஓரமாக வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நீ பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலவே இருந்தது. அவ்வளவு நாள் கழித்து உன்னைப் பார்த்தது போல நானும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

முகமூடி இபார்ரா சந்தையிலிருந்து வந்தது. அங்கே இந்த வருஷம் கரிக்கட்டை முகமூடிதான் அதிகமாக விற்றதாம். ரமீரோ அதைப் பொம்மையின் தலையில் மாட்டினான். கரி பூசிய மூஞ்சி, தட்டு அகலத்துக்குச் சிவப்பு உதடு, முழித்த கண். கழுத்துக்குக் கீழே உன் பனியன்.

ஓர்தென்சியாதான் முதலில் வாயைத் திறந்தாள். தலையில் இருந்த வெண்ணெய்ப் பழக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"இது யாருடா?"

"நம்ம அனிபால்தான் அத்தை."

"அனிபாலா? அவன் மூக்கு அவங்க அம்மா கிளெமென்தீனா மூக்கு. நான் அந்த மூக்கோட சண்டை போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது எவன் வீட்டு மூக்கு?"

"டிவியில இப்படித்தானே அத்தை..."

"டிவியில இப்படித்தான். அதனாலதான் போன வாரம் சந்தையில ஒரு வாண்டு என்னைப் பார்த்து, 'அம்மா, கரிக்கட்டை பொண்டாட்டி பழம் விக்கிறா'ங்குது. அவ அம்மாக்காரி வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சா. சிரிச்சிட்டு விலையும் குறைச்சுக் கேட்டா பாரு, அதுதான் எனக்குத் தாங்கல!"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் கூடையை இறக்கிவிட்டுப் போய், பொம்மைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ரமீரோ என்னைப் பார்த்தான். "என்ன மாமா பண்றது? பொம்மையைப் பிரிச்சிரவா?" என்றான்.

நான் யோசித்தேன். வருஷத்தோடு போய்த் தொலையட்டும் என்று நினைப்பதைத்தானே நாம் எரிக்கிறோம். ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டோம், வேலை தப்பில்லை. "பொம்மையைப் பிரிக்காதே. என் மகனை மட்டும் அதிலிருந்து பிரி" என்றேன். அவனே உன் பனியனைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தான். டிவியில் நீ போடுகிற அந்த வெள்ளை ஏப்ரனும் சிவப்புக் கழுத்துப் பட்டியும் பழைய துணியில் தைத்து மாட்டினார்கள். இப்போது நாற்காலியில் கரிக்கட்டை மட்டும் இருந்தான். ஓர்தென்சியா திரும்பி உட்கார்ந்தாள்.

உயில் என் வேலை. நாற்பது வருஷமாகச் சாகப்போகும் வருஷத்தின் உயிலை ஊருக்குச் சொல்கிறவன் நான்தான். எழுத்து தெரியாததால் எனக்கு எதுவும் தொலைந்துபோகாது. துவரைக்குக் களை எடுத்துக்கொண்டே பாட்டாகக் கட்டிவிட்டேன்.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு, சாகப்போகும் பொம்மைக்கு அழுகிற விதவைகள் கயிறும் காசுத் தட்டுமாகச் சாலைக்கு வந்துவிட்டார்கள். நம் ஊர் விதவைகள் உனக்குத் தெரியும், எல்லாம் மீசை வைத்த விதவைகள். ரமீரோ நெஞ்சில் இரண்டு பலூனைக் கட்டிக்கொண்டு, கறுப்பு முக்காடு போட்டு, வருகிற வண்டியை எல்லாம் மறித்து ஒப்பாரி வைத்தான்.

"என் ராசா! பானையைக் கண்டா நீ தின்னுருவேன்னு சொன்னாங்களே! இங்க பானை பானையா சமைச்சு வெச்சிருக்கேன், எந்திரிச்சு வந்து ஒரு வாய் தின்ன மாட்டேங்கறியே!"

அழுத வேகத்தில் ஒரு பலூன் வெடித்தது. மறிபட்டு நின்ற கோழி லாரிக்காரன் ஸ்டியரிங் மேல் விழுந்து சிரித்தான்.

அப்போதுதான் கீட்டோ பஸ் வந்தது. ஜன்னல் எல்லாம் பிள்ளைகள். "கரிக்கட்டை! கரிக்கட்டை!" என்று ஒரே கூச்சல். இறங்கி ஓடி வந்தார்கள், பின்னாலேயே தாய் தகப்பன்மார். எனக்குக் கொஞ்சம் பயம்தான். நம் ஆட்களுக்குச் சொல்வது வேறு, அவர்களுக்குச் சொல்வது வேறு. ஆனால் கயிறு கட்டியாகிவிட்டது, செத்தவன் உயிலோடு காத்திருக்கிறான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அப்படியே எழுது என்று மர்லேனேயிடம் சொல்லியிருக்கிறேன்:

பேயைக் கண்டு நடுங்கும் என் பயத்தைக்
கதை எழுதும் ஐயாவுக்கே எழுதி வைத்தேன்;
வாரா வாரம் ஒரே கதை எழுதுகிறார்,
புதுசாய் யோசிக்க அவருக்குத்தான் பயம்.

நின்றபடி தூங்கும் என் சோம்பலைச்
சாய்வு நாற்காலி முதலாளிக்குத் தந்தேன்;
விடியுமுன் கரும்பு வெட்டும் எங்கள் ஊரில்
போட்டுப் பார்த்தோம், யாருக்கும் பொருந்தவில்லை.

எண்ணத் தெரியாத என் மண்டையை
டிவிக்காரரே பத்திரமாய் வைத்துக்கொள்ளட்டும்;
இத்தனை கறுப்பர் இருக்கும் நாட்டில்
ஒருத்தனைத்தான் அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

திருடிய பணியாரத்தை ரமீரோவுக்கே தந்தேன்,
அவன் திருடியதும் அதில் பாதி உண்டு.
முகத்தை மட்டும் யாருக்கும் எழுதவில்லை;
அது என்னுடையது அல்ல, கடையில் வாங்கியது.

மூன்றாவதுக்கு நம் ஆட்கள் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பஸ் பிள்ளைகளும் சிரித்தார்கள், முதலாளிக்குச் சோம்பல் போனதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒரு சிறுமி ஓர்தென்சியாவையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கரிக்கட்டைக்கும் இந்த ஊரா?" என்று கேட்டாள். ஓர்தென்சியா அவள் கையில் ஒரு பழத்தை வைத்து, "இல்லடி கண்ணு. அவனை நடிக்கிற அண்ணன்தான் இந்த ஊரு. அவன் ரொம்ப அழகா இருப்பான்" என்றாள். மகனே, அவள் உன்னை அழகன் என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கழுதை மூஞ்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா என்னிடம் வந்து, "பெரியவரே, குழந்தைங்க நிகழ்ச்சி, சும்மா ஒரு தமாஷ். இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்றார்.

"கோபமெல்லாம் இல்லைங்கம்மா. நாங்களும் சும்மா ஒரு தமாஷ்தான் பண்றோம்" என்றேன்.

அவர் போய் விதவையின் தட்டில் காசு போட்டார். வெடித்த பலூனுக்காகவா, என் பதிலுக்காகவா, தெரியாது.

அந்தப் பஸ்ஸில் வந்த யாரோதான் படம் பிடித்திருக்கிறார்கள். எங்களில் ஒருவனும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொளுத்தியதைப் பிடித்து அதோடு ஒட்டி அனுப்பிவிட்டான். நேற்றிலிருந்து ஊர் ஊராகப் போகிறதாம். உன் டிவிக்காரர்கள் பார்த்தால் உனக்குத் தொந்தரவு வருமா என்று மர்லேனே பயப்படுகிறாள். வரலாம். அதற்கு நான் வருத்தப்படவில்லை என்று எழுதச் சொன்னேன், அவள் முதலில் எழுத மாட்டேன் என்றாள். "செனோன் மாமா, அவன் சோத்துல கை வைக்காதீங்க" என்கிறாள். சரிதான். உன் வேலைக்கு அலைந்த கால் உன்னுடையது. கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல மாட்டேன். நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்: ஊரில் யாருக்கும் உன் மேல் கோபம் இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு வருஷமாக நீ வராததற்கு வேலை அதிகம் என்கிறாய். நானும் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு ஏதாவது காரணம் இருந்தால், அதையும் அன்று சேர்த்துக் கொளுத்திவிட்டதாக வைத்துக்கொள். பழசைத் தொலைக்க எல்லாரும் தாண்டுகிற அந்த நெருப்புக் கங்குகளை நான்கூடத் தாண்டினேன், முழங்காலைக் கேட்காமலே.

இன்னொன்று, பிறகு மொய்சேஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவான். சின்ன வயதில் நீ பாதிரியார் மாதிரி நடந்து காட்டினாய், சந்தைக்காரி மாதிரி பேரம் பேசினாய். யாரைப் போலச் செய்தாயோ அவர்களே கூட்டத்தில் முதலாவதாகச் சிரித்தார்கள், பிறகு உன்னைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். என்னை மட்டும் நீ செய்ததே இல்லை. மரியாதையா பயமா, நான் கேட்டதில்லை. அனிபால், ஒரு நாள் பகல் பஸ்ஸில் வா. எல்லாரும் பார்க்க இறங்கு. இறங்கி, உன் சொந்த முகத்தோடு, என்னைச் செய்து காட்டு. நான் எப்படி நடக்கிறேன், எப்படி இருமுகிறேன், பதில் வராமல் போனைப் பிடித்துக்கொண்டு எப்படி நிற்கிறேன் என்று. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

கன்னி மாதா உன்னைக் காப்பாளாக. வெயிலில் அலையாதே, ஒழுங்காகச் சாப்பிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பன்,
செனோன் அனங்கோனோ
(பெருவிரல் ரேகை)