அண்ணிக்காகக் கற்ற இறந்தகாலம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு என் மானம் எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் போனது.

எங்கள் ஹோட்டலில் ஓர் அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் எல்லா மாடிக்கும் கேட்கிற வாக்கி டாக்கியில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் ‘ஓகே’ சொன்னால்தான் அடுத்த அறை. சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் அக்கா, நான் ‘அண்ணி’ என்று கூப்பிடுகிறவர். நான் முடித்துவிட்டேன் என்று சொல்ல வந்து, “ஐ க்ளீன் டுமாரோ ஃபினிஷ்” என்று உளறிவிட்டேன். ஓகே வரவில்லை. அண்ணி வாயிலிருந்து, என் குரலிலேயே, இழுத்து இழுத்து, “ஐ க்ளீன் டுமாரோ ஃபினிஷ்” என்று திரும்பி வந்தது. அப்புறம் ஒவ்வொரு மாடியாகச் சிரிப்பு.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிறு என்றால் அண்ணிக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். தனியாக இருக்கிறவர், வரட்டும். ஆனால் என் வீட்டில், நான் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே என்னை நடித்துக் காட்டினார். என் வீட்டுக்காரருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. “விளையாட்டுக்குத்தானே சொன்னேன், மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிக்கிற?” என்றார் அண்ணி.

விளையாட்டா? இருக்கட்டும். எனக்கும் ஒரு நாள் வரும்.

ஜூன் 11, புதன்

மாலை ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டேன். குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் இடிக்கிறது. டீச்சர் என்னைவிடச் சின்னப் பெண். ஒழுங்கான வினைச்சொற்களில் ஆரம்பித்தார். வாலில் ஒரே மாதிரி ‘எட்’ ஒட்டினால் இறந்தகாலம், முன்னால் ‘வில்’ போட்டால் எதிர்காலம். ஆளுக்கொரு சொல் எடுக்கச் சொன்னார். டாக்ஸிக்காரர் ‘வாக்’ எடுத்தார். தையல்காரி ‘குக்’ எடுத்தாள். நான் ‘பீட்’ கேட்டேன். அது ஒழுங்கில் வராதாம். அடிக்கிறதில்கூட எனக்கு ராசியில்லை. ‘பனிஷ்’ வருமா என்றேன். வருமாம்.

“யாரக்கா பனிஷ் பண்ணப் போறீங்க?”

“சும்மா, உதாரணத்துக்கு.”

பனிஷ். பனிஷ்ட். வில் பனிஷ். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

ஐயோ. எனக்கென்று எங்கிருந்துதான் வருமோ.

மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகிக்கொண்டே பாடம் சொல்லிப் பார்த்தேன் — ஐ பனிஷ்ட், ஐ ஆம் பனிஷிங், ஐ வில் பனிஷ். குனிந்ததில் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியின் பட்டன் கட்டில் விளிம்பில் அழுந்தியிருக்கிறது. முழுப் பாடமும் ஹோட்டல் முழுக்கப் போய்விட்டது. நிமிர்ந்ததும் அண்ணியின் குரல்: “அம்மா தாயே, என்னை மட்டும் விட்டுடு.”

மறுபடி சிரிப்பு. கீழே மேனேஜர் சிரித்தது தனியாகக் கேட்டது.

ஜூன் 20, வெள்ளி

இவர் காலையில் “ஐ வில் பனிஷ்” என்று சொல்லிக் காபி கேட்டார். அக்கா போன் செய்திருக்கிறார். ஆறின காபியைக் கொடுத்தேன்.

ஜூலை 7, திங்கள்

தற்காலிகமாக இருக்கிற அண்ணியைச் சூப்பர்வைசர் வேலையில் நிரந்தரமாக வைக்கலாமா என்று மேனேஜர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார். ஆங்கிலத்தில்தான். துண்டு அடுக்கும் அறைக்கு அண்ணி தேடிக்கொண்டு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த வேலை போச்சுன்னா என்னால மறுபடி குனிஞ்சு நிமிர முடியாது. முதுகு போயிருச்சு. நீ நல்லவிதமா ரெண்டு வார்த்தை சொல்லு, என்ன?”

“சொல்றேன் அண்ணி.”

சிரித்துக்கொண்டே சொன்னேன். அது எனக்கே பிடித்திருந்தது.

ஜூலை 9, புதன்

‘இமிடேட்’, ‘இன்சல்ட்’, ‘லாஃப்’. மூன்றும் ஒழுங்கில் வருகின்றன. டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன்.

“ஷி இமிடேடட் மீ. எவ்ரிஒன் லாஃப்ட். ஷி இமிடேட்ஸ் மீ ஸ்டில். ஷி வில் இமிடேட் மீ டுமாரோ.” ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ‘எவ்ரிஒன்’ சொல்லும்போது மேனேஜரின் கண்ணைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்தார்.

பொய் எழுத மாட்டேன். வெளியே வந்ததும் அப்படி ஒரு சந்தோஷம், படியில் ஓடியே இறங்கினேன்.

நான் காய்ச்சலில் கிடந்தபோது என் அறைகளையும் சேர்த்து அண்ணிதான் சுத்தம் செய்தார். அந்த முதுகோடு. ‘ஷி ஹெல்ப்ட் மீ.’ அதைச் சொல்லவும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 22, செவ்வாய்

அண்ணியைச் சலவைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் தடுக்காமல் வருகிறதாம், இனி சூப்பர்வைசர் நான்.

ஜூலை 24, வியாழன்

சலவைக்காரர்களும் இனி என்னிடம்தான் சொல்ல வேண்டும். மதியம் அண்ணியின் குரல் வந்தது. “ஷீட்ஸ் வாஷ்ட் அண்ட் ஐயர்ன்ட்.” ஒரு பிசகு இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பட்டனை அழுத்தி, “ஒன்ஸ் மோர்” என்றேன்.

சொன்னார்.

“ஒன்ஸ் மோர்.”

மூன்றாம் தடவை குரல் பாதியில் மெலிந்துபோனது. எப்படியோ முடித்தார். நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். ஒரு மாடியிலிருந்தும் வரவில்லை. அவர் பட்டனை விட மறந்திருந்தார் போல, துணி துவைக்கும் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓகே என்றேன். என்ன ஆயிற்று இவர்களுக்கெல்லாம்? நான் உளறினால் மட்டும் சிரிப்பார்களா? ஒரே ஓர் ஆள் சிரித்திருந்தால் போதும், எனக்கு ஆறியிருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணியையும் சேர்த்து மூன்று பேருக்குச் சமைத்தேன். இவர் மூன்று தட்டு எடுத்து வைத்தார். சோறு ஆறும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தட்டை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.