வேண்டியவர் விலை

21 ஆகஸ்ட் 2025, விழுப்புரம்

கிளவுடு சாஃப்ட்வேரின் டெஸ்ட் தளத்தில் விலை, தள்ளுபடி எல்லாம் அமைத்தாயிற்று. இனி அப்படியே கடையில் பில் போடும் லைவ் தளத்துக்கு மாற்ற வேண்டும். பம்ப்செட் விற்கும் எங்கள் முதலாளி சக்கரபாணிக்கு ஒரே கவலை. “பானு, நம்ம வேண்டியவங்க எல்லாரும் வந்துடுவாங்கல்ல?”

வேண்டியவர் — இப்படியும் ஒரு வாடிக்கையாளர் பிரிவு! மச்சான், சம்பந்தி, தேர்தலில் இவரோடு ஓட்டுக் கேட்கப் போனவன். இவர்களுக்கு மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி. கிளவுடு வந்தும் இவர் முகம் பார்த்துத்தான் பரிமாறுவார்.

தடங்கல் இல்லாமல் முடித்தால் திண்டிவனம் கிளைக்கு நான்தான் மேனேஜராம். என் வீடும் அங்கேதான்; தினமும் ரயிலில் நின்றுகொண்டு வரும் பாடு தீரும். அதற்காகத்தான் இந்தக் கூத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

30 ஆகஸ்ட்

சென்னை கன்சல்டன்ட் இருதயராஜ் போனில் பாடம் எடுக்கிறார். “முதல்ல கஸ்டமர் பிரிவு, அப்புறம்தான் தள்ளுபடி. மாத்தி ஏத்தினா பேஜாருங்க.” எனக்கே! எல்லாவற்றையும் அமைத்தவள் நான். அந்த வேண்டியவர் பிரிவுக் குப்பையைக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

1 செப்டம்பர்

நாசம்.

2 செப்டம்பர்

பிரிவு இல்லாத தள்ளுபடி எல்லாருக்குமான தள்ளுபடியாகிவிடுமாம். நேற்று திண்டிவனம் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் பத்து சதவீதம் குறைத்தே பில் வந்திருக்கிறது.

அதைவிடக் கேவலம், முதலாளியின் மச்சான் சீனுவாசன் ஓமந்தூரிலிருந்து வந்து கத்தியது. அவருக்கும் அதே பத்து சதவீதம் கிடைத்தது, ஒரு பைசா நஷ்டமில்லை! “குத்தகைக்கு நெலம் ஓட்றவனுக்கும் எனக்கும் ஒரே விலையா? அப்ப நான் இன்னாத்துக்கு வேண்டியவன்?”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? முதலாளி சிரிக்கவில்லை. “பணம் போனா போவுது. மச்சான் வூட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுக்கினு வா. அப்புறம் திண்டிவனத்தப் பத்திப் பேசலாம்.”

அந்த மச்சான் மூஞ்சிக்கு நான் மன்னிப்பு கேக்கணுமா? போமாட்டேன். என் செருப்பு கூட அங்க போவாது.

4 செப்டம்பர்

போனேன். காபி கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை.

22 செப்டம்பர், திண்டிவனம்

மேனேஜர் அறைக்குத் தனி ஃபேன். வேண்டியவர் பிரிவு லைவில் ஏறி, ஒழுங்காக ஓடுகிறது.

காலையில் லட்சுமியம்மாள் என்று ஒருவர் வந்தார். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் எரிந்துவிட்டதாம். “பக்கத்துக் கொல்லக்காரருக்கு அன்னிக்குக் கொறச்சிக் குடுத்தீங்களாமே, எனக்கும் அப்படியே போடும்மா.”

“அது கம்ப்யூட்டர் தப்புங்க” என்றேன்.

“எதும்மா தப்பு? எங்களுக்குக் கொறச்சிக் குடுத்ததா?”

முழு விலைக்கு பில் போட்டேன்.