மரப்பு ஜெல்லியின் மேல் சிவப்புக் கோடு

ஜூலை 9, திங்கள்

மூன்றாம் நாளாக மழை. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று. மருந்துப் பட்டியல் ஆபீசிலிருந்து திரும்பி வந்தது. மரப்பு ஜெல்லிக்கு மேல் சிவப்புக் கோடு. மூத்திர டியூப் போடுமுன் தடவி இடத்தை மரக்க வைப்பது அது. தேயிலை விலை விழுந்தால் முதலில் இதைத்தான் வெட்டத் தோன்றுமோ.

ஜெல்லி இல்லாமல் எப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். "லயத்துல குடியிருக்கற தோட்டத்து ஆளுங்களுக்கு வலி தெரியாதுங்க சிஸ்டர். டியூப் போடறப்ப யாராச்சும் கத்திப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பதினோரு வருடமாக. அதுதான் எரிச்சல்.

மறக்கக் கூடாதது: சோப்பு, பேண்டேஜ், கோவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்.

ஜூலை 10, செவ்வாய்

டிரிப் ஆறு பேருக்கு. கொழுந்து பறித்து வந்த கை ஐஸ். நரம்பு கண்ணுக்கே தெரிவதில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுபோய் ஆளுக்கொரு டம்ளர் பிடிக்க வைத்தேன். கை சூடானதும் நரம்பு எழும்பியது. ஐந்து பேருக்கு ஒரே குத்து.

சாயங்காலம் செல்லம்மா புருஷன் வந்தார். செல்லம்மா கொழுந்து பறிப்பவள். அவளுக்கு வயிற்றில் கட்டி அழுத்தி மூத்திரம் அடைத்துவிட்டது. ஆபரேஷன் வரை டியூப்தான். வியாழக்கிழமை மாற்ற வேண்டும்.

"அவ வரமாட்டாளாம் நர்சம்மா. போன தடவ அப்படி நொந்துச்சாம். பயத்துல தண்ணியே குடிக்கிறதில்ல."

போன தடவை ஜெல்லி தீர்ந்திருந்தது. அது இல்லாமலே போட்டது நான்தான். வலிக்குதா என்று கேட்டேன். வலிக்கல என்றாள். நம்பினேன். முட்டாள்.

ஜூலை 11, புதன்

லயத்துக்குப் போனேன். குடை உடைந்தது. ஏன் பொய் சொன்னாய் என்று செல்லம்மாவிடம் கேட்டேன்.

"நோகுதுன்னு சொன்னா சீக்காளின்னு எழுதிருவாங்க. அன்னிக்குப் பேரு கெடைக்காது. அம்மா காலத்துலேருந்து அப்படித்தான் நர்சம்மா, வாய் தானா வலிக்கலன்னு சொல்லுது."

பேரு என்றால் அன்றைய வேலை, அன்றைய சாப்பாடு. இந்தப் பயத்தைத்தான் டாக்டர் வலி தெரியாத உடம்பு என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு வா. நோகுதுன்னு சொன்னா அந்த நிமிசமே நிறுத்திடறேன்." தலையாட்டவில்லை அவள்.

அப்படியே ஆபீஸ். புது டியூப் ஒன்றை, பட்டியலில் கோடு போட்ட பெரிய கிளார்க் மேஜையில் வைத்தேன்.

"என்னங்க சிஸ்டர் இது?"

"உள்ள போற டியூப்புங்க. எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். நல்லா தொட்டுப் பாத்துட்டு அப்புறம் கோடு போடுங்க. ஜெல்லி இல்லாம இனி நான் போடமாட்டேன். மெமோ குடுக்கறதுன்னா குடுங்க."

தொடவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

ஜூலை 12, வியாழன்

மழை கொஞ்சம் விட்டது. காலை ஜீப்பில் ஜெல்லி வந்தது. கூடவே எனக்கு மெமோ. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

செல்லம்மா வந்தாள். பழைய டியூப்பை எடுத்து, ஜெல்லி போட்டுக் காத்திருந்தேன். புதியதைத் தொட்டதுமே, "வலிக்கல." கட்டில் கம்பியைப் பிடித்த விரல் வெளுத்திருந்தது.

"சீக்காளின்னு யாரும் எழுதமாட்டாங்க, செல்லம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நோகுது."

கையை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் ஜெல்லி.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர். "பாதியில என்ன சிஸ்டர்? போட்டு முடிங்க."

"அவ சொல்லட்டுங்க டாக்டர்."

செருப்பைத் தட்டிக்கொண்டு நின்றார். நிற்கட்டும். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம்.

"இப்பப் போடுங்க நர்சம்மா."

போட்டேன். எழுந்ததும் தண்ணீர் கேட்டாள். இரண்டு டம்ளர்.

பதிவேட்டில்: நோயாளி வலிக்கிறது என்றார். நிறுத்தினேன். அதன் கீழே டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. நான் போட்டேன்.