ரூத்தின் முகத்தை எடுத்துவிட்டோம், அக்கா

என் உயிரான எஸ்தர் அக்கா,

முதலில் நல்ல செய்தி. பூந்தமல்லி சபையின் பழைய வேதாகமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளில் ஒரு நார்கூடப் பிரியவில்லை. இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம், நானும்தான்.

நீ எங்களை விட்டுப் போன நாளிலிருந்து உன் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆவடியிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், பதினெட்டு வருஷம் நூலகத்தில், செல்லரித்த புத்தகங்களைப் பிழைக்க வைத்தவள் நீ. ஞாயிறு ஆராதனை முடிந்தால் படம் வரையத் தூரிகையோடு உட்கார்ந்துவிடுவாய். ஆனால் வேலையில் மட்டும், "இல்லாததை நாம வரையக் கூடாதுடா. ஒட்டுனா, நாளைக்கு இன்னொருத்தர் பிரிக்க முடியணும்" என்பாய். ரேஷன் கார்டில் செல்லோ டேப் ஒட்டியதற்கு என்னோடு ஒரு வாரம் பேசாதவள்!

அந்த வேதாகமத்து வண்ணப்படம் ஒன்றில், அதன் கதையில் வரும் ரூத் என்ற பெண்ணின் முகத்தைக் கரையான் தின்றிருந்தது. அதை மட்டும் ஏன் வரைந்து ஒட்டினாய்? கை சும்மா இருக்கவில்லையா? சபையே மெச்சியது, நீதான் குன்றிப் போனாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "எதால ஒட்டுனேன், மைதா பசையா, வெள்ளை கோந்தான்னு ஞாபகமே வரலடா. கோந்துன்னா, எடுக்கும்போது பழைய தாளும் கிழிஞ்சிடும். பயமா கீதுடா தம்பி. எப்படியாவது எடுத்துடு."

போன சனிக்கிழமை, உன்னோடு வேலை பார்த்த கோமதியைச் சபைக்கு அழைத்துப் போனேன். நனைத்த பஞ்சால் ஓரங்களை ஒற்றினாள். "தள்ளி நில்லுண்ணே, உன் வேர்வை சொட்டப் போவுது" என்று என்னை விரட்டினாள். பத்து நிமிஷம் கழித்துச் சிரித்தாள். "மைதாதாண்ணே! இன்னா, அக்கா கை தப்பு பண்ணுமா?" போதகர் ஐயா முன்னாலேயே அழுதுவிட்டேன்.

கோமதி அந்தத் துண்டைத் திருப்பிக் காட்டினாள். ஒட்டும் தாளின் பின்னால் பென்சிலில் குறிப்பு எழுதுவது உங்கள் வழக்கமாமே? உன் குண்டு எழுத்தில் இரண்டே வரி இருந்தது.

"மைதா பசை.
முகம்: அம்மா."

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போன அம்மாவுக்கு நம் வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. எப்படி இருப்பாங்க என்று கேட்டால், "சொல்லத் தெரியலடா" என்று பேச்சை மாற்றுவாய். அம்மா முகத்தை வரையத் தெரியும் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை, அக்கா?

ரூத் நீ விரும்பியபடி முகமில்லாமலே இருக்கிறாள். அந்தத் துண்டோடு அம்மா நம் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பாட்டி எப்படி இருப்பாங்க என்று என் பிள்ளைகள் கேட்டால், இனி நான் பேச்சை மாற்ற மாட்டேன்.

நாற்பது வயதில் அம்மாவைப் பார்த்த
உன் தம்பி சாமுவேல்